அரங்குச் சாவி

“உபதேசியாரே, எனக்கு ஜெபம் நின்னு போச்சு.”

சொன்னவர் மாசிலாமணி. ஊரில் பாதி வயல் அவருடையது. அறுபது வயதில் முதல்முறையாகச் செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடி வந்திருந்தார்.

ஊர்க் கிறிஸ்தவ சபையைக் கவனிக்கும் எஸ்றா உபதேசியார் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள். சம்பளம் வந்த மாதம் வந்ததுதான்.

“எந்த இடத்துல நிக்குது அண்ணாச்சி?”

“பரமண்டல ஜெபத்துல. இன்னைக்கு உள்ள ஆகாரத்தக் கேக்கோம்லா, அந்த வரியில.”

உபதேசியாருக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். கோயிலில் அதை எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறவர் அவர்தான். தேவை அப்படி.

“வாயைத் தெறந்தா அரங்குல கெடக்க நெல்லு கண்ணு முன்னால வருது. மூணு வருசத்துக்குப் போதும். அத வச்சுக்கிட்டு யாருகிட்ட என்னத்தக் கேக்க?”

அரங்கு என்பது அவர் வீட்டு உள்ளறை. நெல், பணம், நகை எல்லாம் அதற்குள். சாவி அவர் இடுப்பில்.

“அந்த வரிய விட்டுட்டுச் சொல்லிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். மிச்சமும் வரல.”

உபதேசியார் அடுத்த பெஞ்சைத் துடைக்க நகர்ந்தார்.

“எல்லாத்தையும் வித்துத் தர்மம் பண்ணணுமோ?” மாசிலாமணி இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அப்படிச் சொன்னனா?”

“சொல்லல.”

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உபதேசியார் துணியை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். “சாவியத் தாங்க.”

“எதுக்கு?”

“மூணு நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும். அதுவரைக்கும் மனுசங்ககிட்ட ஒண்ணும் கேக்கப்படாது.”

மாசிலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பைத் தடவினார். வாசலைப் பார்த்தார். மறுபடியும் இடுப்பைத் தடவினார். சாவி கைமாற வெகுநேரம் ஆயிற்று.

முதல் நாள், அடுக்களைப் பானையில் இருந்த அரிசியில் கழிந்தது.

“உபதேசியாருக்குக் கிறுக்கு. குடுத்துட்டு வந்த உங்களுக்கு அதவிடக் கிறுக்கு” என்றார் மனைவி செல்வரஞ்சிதம்.

இரண்டாம் நாள், கோயிலுக்கென்று தினம் ஒரு பிடியாக எடுத்து வைத்திருந்த அரிசி உலையில் விழுந்தது. செல்வரஞ்சிதம் அழுதுகொண்டே களைந்து போட்டார்.

மூன்றாம் நாள் அடுப்பு எரியவில்லை.

மாசிலாமணி முழங்காலில் நின்றார். வயிறு இரைந்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. அந்த வரி தானாக வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது.

எழுந்தபோது வாசலில் லேயாள் நின்றாள். அவருடைய வயலில் களை பறிப்பவள். கையில் தூக்குவாளி.

“அய்யா வீட்டுல காலையில இருந்து பொகையக் காணும். கொஞ்சம் கஞ்சி கொண்டாந்தேன்.”

இரண்டு கையாலும் வாங்கினார். லேயாள் வீட்டில் புகை வருகிறதா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கஞ்சியைக் குடிக்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

அன்று மாலையே கோயிலுக்குப் போனார்.

“உபதேசியாரே, வந்துட்டு! அந்த வரி வந்துட்டு.”

உபதேசியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. முகம் வாடிக் கிடந்தது.

“சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். என் இடுப்புல ஏறினா திரும்பவும் நின்னுரும்” என்றார் மாசிலாமணி.

உபதேசியார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

“அண்ணாச்சி, மொதல்ல இத எடுத்துட்டுப் போங்க.”

“ஏன், என்னாச்சு?”

“உங்க அரங்க நான் தெறக்கல. வீட்டுப்பக்கம்கூட வரல. சாவி பையில கெடந்தது, அவ்வளவுதான்.”

“சரி.”

“மூணு நாளா எனக்கு அந்த வரி வரல.”