ஒண்டிமுத்து டீக்கடை பழசான கதை

முட்டாளுங்க கதைன்னு சொன்னதும் சிரிக்கிறதுக்கு வாயைத் தயாராத் தொறந்து வெச்சிருக்கீங்க. மூடுங்க, ஈ போயிரும். யாரோ கிணத்துல விழப்போறான்னு நெனைக்கிறீங்க, அதானே? விழமாட்டான். இந்தக் கதையில கிணறே கிடையாது. சேறு இருக்கு. அதுல விழுவாங்க. கொஞ்சம் பொறுங்க.

ஆவுடையாம்பட்டியில ஒண்டிமுத்துன்னு ஒருத்தன் டீக்கடை வெச்சிருந்தான். டீ போடுவான், அது ஆறும், அவனே குடிப்பான். வேற ஈ காக்கா வராது. அவன் பொண்டாட்டி செவந்தி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் சொல்லிட்டா: "ஆடிப்பெருக்குக்குள்ள நாலு வெளியூர்க்காரங்க இந்தக் கடை வாசல்ல நின்னு டீ குடிக்கணும். இல்லன்னா நீ எங்கண்ணன் வீட்டு எருமையை மேய்க்கப் போற."

அந்த எருமைக்கு ஒண்டிமுத்துவைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்தன்னைக்கு மாலையும் கழுத்துமா நின்னவனையே முட்டித் தள்ளினது.

அழுதுக்கிட்டே நாட்டாமை வெள்ளையப்பன்கிட்ட போனான். நாட்டாமை கண்ணை மூடி யோசிச்சார். தூங்கிட்டாரோன்னு தொட்டுப் பாத்தப்பதான் வாயைத் தொறந்தார். பழங்கோட்டூர்ல மட்டும் பஸ் பஸ்ஸா ஜனம் வந்து எறங்குதே, ஏன்? ஊரு பழசு. நேர்ல போயி அந்த வித்தையைக் கத்துக்கிட்டு வந்துட்டா, நம்ம ஊருக்கும் கூட்டம் வரும், கூட்டம் வந்தா டீ ஓடும்னார். தொணைக்கு உள்ளூர்க்காரன் சடையனையும் கூட்டிக்கிட்டு மூணு பேரும் கெளம்பினாங்க. கெளம்புறப்ப நாட்டாமை கண்டிசனாச் சொன்னார்: "பழசை மட்டும் பாக்கணும். புதுசு எது எதுக்க வந்தாலும் கண்ணை மூடிக்கணும்."

பழங்கோட்டூர் விவசாய ஊரு. ஊர் எல்லையிலயே ஒரு வயல்ல அன்னைக்குத்தான் நடவு நட்டு முடிச்சிருந்தாங்க. புது நாத்து. மூணு பேரும் கண்ணை மூடினாங்க. வரப்பு வளைஞ்சுது, இவங்க வளையல. சேறுன்னு சொன்னேனே, இதான். நடவுப் பொம்பளைங்க திட்டின திட்டெல்லாம் அரதப்பழசு. அதனால மூணு பேரும் கண்ணைத் தொறந்து, ஒண்ணு விடாம மரியாதையாக் கேட்டுக்கிட்டாங்க.

தெருவுல ஒரு பசுவும் கன்னுக்குட்டியும் வந்துச்சு. பசுவைப் பாக்கலாம், கன்னைப் பாக்கக்கூடாது. சடையன் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நடந்தான். எதுக்க வந்த அம்மா தன்னைப் பாத்துத்தான் கண்ணடிக்கிறான்னு நெனைச்சு முறத்தாலயே ஒண்ணு வெச்சுது. முறம் பழசா புதுசான்னு அவனால கடைசி வரைக்கும் சொல்ல முடியல.

ஊர் நடுவுல ராசா காலத்து நெல்லுக் களஞ்சியம். கூரை இல்ல, கதவு இல்ல, ஒரு பக்கச் சுவரு சரிஞ்சு கெடக்கு, உள்ள வௌவால் தொங்குது. அதுக்கு எதுத்தாப்புல புதுசாப் பெயிண்ட் அடிச்ச என்னமோ ஒண்ணு இருந்துச்சு. மூணு பேரும் சட்டுனு அதுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டாங்க. அங்கேருந்து கமகமன்னு ஏலக்கா வாசம். ஒண்டிமுத்துவுக்கு மூக்கு துடிச்சுது. ஆனா பாக்குறதுக்கு வழியில்லையே. பஸ்ஸைவிட்டு எறங்கின கூட்டம், ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, களஞ்சியத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"டம்ளர் எதுக்குங்க நாட்டாமை?"ன்னு சடையன் கேட்டான்.

"பெரிய எடத்துக்கு வெறுங்கையோடவாடா வருவாங்க?"

ஒண்டிமுத்து அங்கிருந்த காவக்காரர்கிட்டப் போயி, "ஐயா, இந்தக் கூரை எப்படிங்க இவ்வளவு நல்லாப் போச்சு?"ன்னு விசாரிச்சான். தானாப் போறதுக்கு முந்நூறு வருசம் ஆச்சுன்னார் அவர். ஒண்டிமுத்து வெரல் விட்டு எண்ணிப் பாத்தான். ஆடிப்பெருக்கு அடுத்த வாரம்.

நாட்டாமை அவன் தோள்ல தட்டிக் குடுத்தார். "பயப்படாதடா. அவங்ககிட்ட கடப்பாரை இருந்திருக்காது."

ஊருக்குத் திரும்பினதும் எதை இடிக்கிறதுன்னு பஞ்சாயத்து. கோயிலை இடிச்சா சாமி கோவிச்சுக்கும். நாட்டாமை வீட்டை இடிக்கலாம்னா, அவர் சம்சாரம் வெளக்கமாத்தோட வாசல்லயே நின்னுச்சு. கடைசியில, யாருமே வராத எடம்தான் பாதி இடிஞ்ச மாதிரி, மீதி வேலை கம்மின்னு ஒண்டிமுத்துவோட டீக்கடையையே முடிவு பண்ணாங்க. அவனுக்குத் தலைகால் புரியல. கூரையில மொத ஓட்டை அவனே பிரிச்சுப் போட்டான். சுவரைச் சரிச்சான். பாய்லரைக் கவுத்தான். வௌவால்தான் அகப்படல. ஒரு சேவலைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டாங்க. அது கூவுறதும் தலைகீழாத்தான் கேட்டுச்சு.

ஆடிப்பெருக்கும் வந்துச்சு. செவந்தி அவன் சட்டையை மூட்டை கட்டி வெச்சிட்டா. அப்பப் பாத்து ஒரு லாரி வந்து நின்னுச்சு. எறங்கினது சரியா நாலு பேரு. நாலும் வெளியூரு.

"அண்ணே, நாலு டீ போடுங்க"ன்னார் டிரைவர்.

ஒண்டிமுத்து துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுப் பணிவாச் சொன்னான்: "இங்க ஒரு காலத்துல டீ கெடைச்சுதுங்க. இப்பக் கெடையாது. நல்லாப் பாத்துக்குங்க."

"எந்தக் காலத்துல?"

"போன வியாழக்கெழம வரைக்குங்க."

சொல்லிட்டு, ஆளுக்கொரு வெறும் டம்ளரைக் கையில குடுத்து, சேவலைப் பாத்தாப்புல வரிசையா நிக்க வெச்சான். பழங்கோட்டூர் மாதிரியே அச்சு அசலா இருக்குன்னு நாட்டாமைக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதை வாய்விட்டுச் சொல்லியும் சொல்லிட்டார்.

நாலு பேர்ல ஒருத்தர் மாட்டுத் தரகர். டம்ளருக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு நாட்டாமை பக்கம் திரும்பினார்.

"நான் பழங்கோட்டூர்க்காரன்தான்யா. அந்தக் களஞ்சியத்தை எவன் பாக்க வர்றான்? எதுத்தாப்புல இருக்கிற எங்க கதிரேசன் டீக்கடைக்குத்தான் பஸ்ஸே நிக்குது. குடிச்சு முடிக்கிற வரைக்கும் மூஞ்சியை எந்தப் பக்கமாவது திருப்பி வெக்கணுமில்ல?"