ஆவுடையப்பன் இடித்துக் கட்டிய அடுக்களை

“சாமி, லட்சணமா ஒரு அடுக்களை கட்டிக் குடுத்தேன். அதுல அவ சமைக்க மாட்டேங்கா.”

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார். உதறிய செருப்பில் ஒன்று வாசலில் விழுந்தது, இன்னொன்று வேலியோரம் போனது.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். ஊரில் யாருக்கும் அடங்காத அந்தப் பழைய இரும்புக்கடைக்காரர் அவர் முன்னால் மட்டும்தான் குரலைத் தாழ்த்துவார். அன்றைக்கு அதுவும் தாழவில்லை.

“வேற எங்க சமைக்காங்க?”

“பின்வாசல்ல. துவைக்கிற கல்லுல பழைய அடுப்பத் தூக்கி வச்சுக்கிட்டு. பாக்கிறவன் சிரிக்க மாட்டான்?”

“ஏன்னு கேட்டீரா?”

“கேட்டேன். ஒண்ணுமில்லங்கா. சத்தம் போட்டுக் கேட்டேன். நாளைக்கு மக வீட்டுக்குப் போறேங்கா. பெட்டி கட்டியாச்சு. இந்தத் தடவ போனா திரும்பி வருவான்னு எனக்குத் தோணல, சாமி.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினார்.

கையில் ஒன்றுமில்லாத காலத்தில், புகையைக் குடித்து ஆவுடையப்பனுக்குச் சோறு போட்டவள் அவர் மனைவி செண்பகவல்லி. ‘உனக்கு ராணி மாதிரி ஒரு அடுக்களை கட்டித் தாரேன் பாரு’ என்று அப்போது சொன்ன வார்த்தை. கடை நிமிர்ந்ததும் மறக்காமல் செய்தார். செய்ததுதான் இப்படி முடிந்தது.

குரு ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

“அந்த அடுக்களைய எனக்கு வித்திரும்.”

“என்னது?”

“நான் வாங்க வந்தவன். சரக்கச் சொல்லும்.”

வியாபாரம் என்றதும் ஆவுடையப்பனுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

“மேடை முழுக்கக் கருப்புக் கிரானைட்டு. முகம் பாக்கலாம். கல்லுக்காரன் ‘அண்ணாச்சி, ஆளை விடுங்க’ன்னு அழுதப்புறம்தான் வண்டியில ஏத்தினேன். செவுரு பூரா அலமாரி. அடுப்பு கச்சிதமா அக்னி மூலையில. ஆசாரி கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னான். மூலைன்னா மூலைதாம்லேன்னு ஒரு சத்தம் போட்டேன், அடங்கிட்டான்.”

“வலப்பக்கம் மூலைச்சுவர். இடப்பக்கம்?”

“பாத்திரம் கழுவுற தொட்டி. குழாய் முன்னமே அங்கதான இருந்தது? மாத்தினா தெண்டச் செலவு.”

“கொதிக்கிற சட்டிய இறக்கினா எங்க வைப்பாங்க?”

ஆவுடையப்பன் இல்லாத சட்டியைக் கையில் பிடித்து இடமும் வலமும் திரும்பினார்.

“சன்னல் இருக்கா?”

“இருந்தது. அலமாரிக்கு இடம் வேணும்லா? அடைச்சிட்டேன்.”

“அதுல அவங்க என்ன பாப்பாங்க?”

“அடுக்களையில பாக்க என்ன சாமி இருக்கு? அடுப்பப் பாப்பா.”

“எனக்கு வேண்டாம்,” என்று குரு கீரைக்குத் திரும்பினார்.

ஆவுடையப்பனுக்கு மூக்கு சிவந்தது. “சாமி! பொண்டாட்டி போயிருவாளோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வந்து நிக்கேன். நீங்க வெளையாடுறீங்க!”

“புதுசா ஒருத்தர்கிட்ட சரக்கெடுக்கப் போனா, முதல்ல என்ன செய்வீர்?”

கோபத்திலும் அதற்குப் பதில் தயாராக இருந்தது.

“வாயே திறக்க மாட்டேன். ஒரு டீயச் சொல்லிட்டு உக்காந்துருவேன். அவன் கை எங்க போகுது, எதத் தொடத் தயங்குறான், யாரப் பாத்தா சிரிக்கான், எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பேன். ஆளத் தெரியாம வெல பேசினா, அவன் நம்ம தலையில மொளகா அரைச்சிருவான்லா?”

“நல்லது. அடுக்களைய இடிக்கிறதுக்கு முன்னால, அங்க எவ்வளவு நேரம் உக்காந்தீர்?”

வேலியில் ஒரு ஓணான் தலையை ஆட்டியது.

குரு ஆய்ந்த கீரையை வாழை இலையில் சுருட்டி நீட்டினார். “கொண்டு போம். பொழுது இருக்கு.”

வீட்டுக் கூடத்தில் பெட்டி நின்றது. ஆவுடையப்பன் அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய், பின்வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன?” என்றாள் செண்பகவல்லி.

“கீரை.”

“சத்தம் போடப் போறீங்களா?”

“இல்ல.”

அவள் நம்பவில்லை. ஆனாலும் கீரையை அலசி அடுப்பில் ஏற்றினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதில் தாண்டி பக்கத்து வீட்டு இசக்கியம்மாளின் தலை எழும்பியது. “என்ன மதினி, இன்னைக்குக் கீரையா? காவலுக்கு அண்ணாச்சிய வேற உக்கார வச்சிருக்கிய?”

“காவலா? கீரை ஓடிருமோன்னு பாக்காரு!”

செண்பகவல்லி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முன்பெல்லாம் கூடம் வரைக்கும் கேட்கும். அடுக்களையை இடித்த நாளிலிருந்து கேட்கவில்லை என்பது ஆவுடையப்பனுக்கு இப்போதுதான் உறைத்தது. அடைத்த சன்னலுக்கு எதிரே இருந்தது இசக்கியம்மாளின் அடுக்களை.

கீரை வெந்ததும் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டியை அடுப்புக்குப் பக்கத்துக் கல்லில் இறக்கினாள். முந்தானை விலகியது. வலது முழங்கை கன்றிக் கறுத்துப்போயிருந்தது.

“ஏளா, அது என்ன?”

“உங்க அக்னி மூலை. கிண்டும்போதெல்லாம் செவுத்துல இடிக்கும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“எப்ப சொல்ல? நீங்க மூச்சு வாங்கும்போதா?”

தொண்டை வரைக்கும் வந்த சத்தத்தை ஆவுடையப்பன் விழுங்கினார். அது உள்ளே இறங்குவது வெளியே தெரிந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கீரையைக் கடையத் தொடங்கினாள்.

கடைந்துகொண்டே கேட்டாள்.

“அந்தப் பழைய சன்னல வித்தாச்சா?”

“கடையில கெடக்கு.”

“என்ன வெல சொல்றீங்க? படிஞ்சா பெட்டியப் பிரிக்கேன்.”

“நீ கேக்கிறதுதான்,” என்றார் ஆவுடையப்பன்.