எழுபத்திரண்டு நாள்

"பிளான்ல வந்த நாப்பத்தோரு மாத்தத்தையும் ஓட்டிப் பாத்துட்டேன், டீச்சர். கணக்கு உதைக்குது" என்றார் தணிகாசலம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மதுரை ரிங் ரோட்டோரம் எழும்பும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் சைட் மேனேஜர். மெஹருன்னிசாவுக்கு முப்பத்து நாலு. கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு தடவை கட்டிப் பார்க்கிற சிமுலேஷன் வித்தையை மூன்று மாதமாக அவளிடம் கற்கிறார்.

டீச்சர் என்பது சைட்டில் கிண்டலாகக் கிளம்பிய பெயர். அவர் அதை மரியாதையாக்கிக்கொண்டார்.

"எங்க உதைக்குது?"

"பிளான் படம் மாறினதுல எத்தனை நாள் போச்சுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். சுவரை நகர்த்தினது ஒரு நாள். லிஃப்ட் குழி மூணு நாள். எல்லாத்தையும் கூட்டினா முப்பத்தெட்டு. கட்டடம் நூத்திப்பத்து நாள் லேட்டு."

"மீதி எழுபத்திரண்டு?"

"மூக்கையா ஆளுக. தலைமை ஆபீஸும் அதைத்தான் சொல்லுது."

மூக்கையா சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடைக்கிறவர். அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர்.

"என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல, அதான். புதுப் படம் கையில குடுத்தாச்சு. பலகை கிடக்கு, ஆணி கிடக்கு. பதினோரு மணி வரைக்கும் அசைய மாட்டேங்கிறாக. கேட்டா வெத்தலை மடிக்கிறாக."

"ஆரம்பத்துலயுமா?"

"ஆரம்பத்துல பேய் மாதிரி வேலை செஞ்சாக. இப்ப உடம்பு வளையல. எனக்கும் அலுத்துப்போச்சு, டீச்சர். இன்னைக்குச் சாயங்காலமே வேலையை விட்டு அனுப்பிர வேண்டியதுதான்."

"அனுப்புங்க. கடிதத்தை இங்கயே எழுதுங்க. கையால. எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம்."

எழுதினார். நீட்டினார்.

"தேதி திங்கக்கிழமைன்னு இருக்கட்டும். அடிச்சு எழுதாதீங்க. புதுத் தாள்."

எழுதினார்.

"'இருபத்திரண்டு பேர்' வேண்டாம். ஒவ்வொரு பேராப் போடுங்க."

இருபத்திரண்டு பெயர்களையும் எழுதினார். இருபத்திரண்டும் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. அதில் அவருக்கே கொஞ்சம் சங்கடம்.

"நீளமா இருக்கு. பழையபடி 'இருபத்திரண்டு பேர்'னே போட்டுருங்க."

"ஏன் டீச்சர், விளையாடறீங்களா?"

"மேல இருந்து அப்படி வந்திருக்குன்னு வச்சுக்கங்க."

எழுதினார். இந்தத் தடவை எழுத்து சரிந்து கிடந்தது.

"தேதி இன்னைக்குன்னே இருக்கட்டும்."

எழுதினார். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. மூக்கையாவின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மெஹருன்னிசா அதைச் சொல்லவில்லை.

ஆறாவது தாளை அவர் முன்னால் வைத்தாள். "காரணம் முதல் பத்தியிலயே வந்துரட்டும்."

தணிகாசலம் பேனாவை மூடினார். நாற்காலியில் சாய்ந்தார்.

ஐந்து நிமிடம் போனது.

பத்து நிமிடம் போனது.

"ஏன் சார் எழுதல?"

"எப்படியும் இன்னொண்ணு மாத்தத்தான் போறீங்க. எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க. அப்புறம் எழுதறேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாலாவது மாடித் தளத்தில் மூக்கையாவின் ஆட்கள் வரிசையாக, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.



தணிகாசலம் எழுதிய தாள்களை ஒரு ஓரமாகத் தள்ளினார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் நாற்பத்தோரு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றம், பக்கத்தில் அதற்கான நாள்.

மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினார்.

"டீச்சர், உக்காந்திருக்கிறதுக்கு இதுல எங்க கட்டம்?"