மூலைவாட்டில் நின்ற காந்தம்

அருணகிரிக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், மூன்று வருஷ விடுப்பு வாங்கிக்கொண்டு முனைவர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவருடைய ஆய்வு வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை "சார்" என்பார், இவர் அவரை "மேடம்" என்பார்.

அவருடைய ஆய்வுக்கு அடிப்படை ஒரு சின்னச் சதுரப் படிகத் தகடு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிசில் இரும்புப் படலம் பூசுவார்கள். அந்த இரும்பைக் காந்தமாக்கும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி வழக்கமாகத் தகட்டின் விளிம்புக்கு இணையாகத்தான் நிற்கும். அருணகிரி படலத்தைச் சூடாக்கி ஆறவிட்டார். தற்சுழற்சி மூலைவாட்டில் நின்றது. நான் கொடுத்த சூடுதான் அதைத் திருப்பியது என்று கட்டுரை எழுதினார், ஆய்வேட்டையும் எழுதி முடித்தார்.

போன வாரம் வேறு எதற்கோ அந்தத் தகட்டை எக்ஸ்ரே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, சூடாக்காத பழைய படலங்கள் வேறு பெட்டியில் வந்த தகடுகளில் பூசியவை. இந்தப் பெட்டியில் இருந்த தகடுகளை மட்டும் தகடு விற்கும் கம்பெனியில் நாற்பத்தைந்து டிகிரி திருப்பி வெட்டி அனுப்பியிருந்தார்கள். அடியில் அணு வரிசையே மூலைவாட்டில் ஓடியது. தற்சுழற்சி வழக்கம்போல அந்த வரிசையைப் பார்த்து நின்றிருக்கிறது. அவர் கொடுத்த சூட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் புழுங்கினார். பிறகு அந்த எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய் மேடத்தின் மேஜையில் வைத்தார்.

"இதை ஆய்வேட்டுல சேர்க்கலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க, மேடம்."

மெஹருன்னிசா படத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அந்தப் படலத்தை எடுத்துட்டு வாங்க சார்."

மெஹருன்னிசா மின்காந்தத்தின் நடுவில் அதைப் பொருத்தி, மின்சாரத்தைக் கூட்டினார்.

"இப்ப எந்தப் பக்கம் நிக்குது?"

"விளிம்புப் பக்கம். முழுசாத் திரும்பிடுச்சு."

காந்தத்தை அணைத்தார்.

"இப்ப?"

அருணகிரி திரையைப் பார்த்தார். சொல்ல மனம் வரவில்லை.

"மூலைவாட்டுல."

"இன்னொரு தடவை பாக்கலாமா?"

"வேணாம் மேடம்."

அருணகிரி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த மாசத்தோட லீவு முடியுது. பட்டம் இல்லாம அந்த ஸ்டாஃப் ரூம்ல எப்படிப் போய் உக்காருவேன்? வீட்டுல என்ன சொல்லுவேன்?"

மெஹருன்னிசா கணினியில் உட்கார்ந்து, கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு ஒரு கடிதம் அடித்தார். முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று நான்கே வரி. அதில் முதல் கையெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

அருணகிரி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அப்ப இந்த மூணு வருஷத்துல நான் என்னதான் மேடம் கண்டுபிடிச்சேன்?"

"கடிதத்துல அந்த வரிதான் சார் பாக்கி இருக்கு. தப்பைக் கண்டுபிடிச்சவர்னு உங்க பேரைப் போடட்டுமா?"