தேருக்கு முன் நடந்த செண்பகவடிவு அம்மையார்

இலுப்பைநல்லூர் இலுப்பைவனநாதர் கோயிலின் மேலவாசலில், கோபுர நிழல் விழும் இடத்தில், அடியார்கள் கழற்றிவிட்டுப் போகும் செருப்புகளைக் காத்து வந்தார் செண்பகவடிவு அம்மையார். அதற்குக் கூலி வாங்கியதில்லை. உச்சிக்கால பூசை முடிந்தபின் மடைப்பள்ளியிலிருந்து வரும் சோறு அவருக்குப் போதும். வந்தவர் கையில் ஒரு தகர வில்லையைக் கொடுப்பார்; செருப்பை இரு கைகளாலும் எடுப்பார்; மண்ணைத் துடைத்துப் பலகையில் வைப்பார். கோபுரத்தைப் பார்த்து ஒரு முறை கைகூப்பிவிட்டு அடுத்த செருப்பை எடுப்பார். "சாமியைப் பாக்க நடந்து வந்த செருப்புல்லா, கீழ எறியலாமா?" என்பார்.

அம்மையார் இன்ன குடும்பத்தவர் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மண்டகப்படி எங்கள் குடும்பத்துக்கு உரியது. குடும்பத்து மூத்தவர் சுவாமியின் பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, தேருக்கு முன்னே நான்கு ரதவீதியும் நடந்து வருவார். ஐந்து தலைமுறையாக ஓர் ஆண்டும் இது தவறியதில்லை. அந்தக் குடும்பத்தில் பலவேசம் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மையார்.

பலவேசம் ஒரு நாள் முழுவதும் செருப்பில் ஏறிய ஆணியோடு நடந்தார். அவருக்கு அது தெரியவில்லை. சர்க்கரை நோய் அவருடைய கால்களின் உணர்ச்சியை எடுத்துவிட்டிருந்தது. புண் புரையோடிக் காலை எடுத்தார்கள். நாற்பதாம் நாள் உயிரும் போயிற்று. எங்கள் குடும்பத்தில் நோய் என்ற பேச்சே எழக் கூடாது என்று ஊருக்கு மாரடைப்பு என்று சொன்னோம். அது பொய். இதை இங்கே எழுதுவது குடும்பத்துக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கலாம். மறைத்ததே இழுக்கு என்பது பின்னால் விளங்கும்.

பிள்ளை இல்லாத அம்மையார், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மேலவாசலில் போய் அமர்ந்தார். குடும்பத் தலைவர் ஆறுமுகநயினார், பலவேசத்தின் பெரியப்பா மகன், கொதித்துப் போனார். "ஊரான் செருப்பைத் தொடுத அளவுக்கா நாம கெட்டுப் போனோம்? வீட்டுல வந்து மரியாதையா சாப்பிடச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார்.

"சாப்பாட்டுக்காக இங்க இருக்கலன்னு அத்தான்கிட்ட சொல்லிருங்க" என்று மட்டும் அம்மையார் சொல்லி அனுப்பினார்.

எதற்காக இருந்தார் என்பது ஒரு பிரதோஷத்தன்று தெரிந்தது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மாசானம், தரிசனம் முடித்து வந்து வில்லையை நீட்டினார். அம்மையார் செருப்பைக் கொடுக்காமல் அவரை உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இப்படி உக்காந்து காலைக் காட்டுங்க."

"எதுக்கு தாயி? ஜோசியம் பாக்கப் போறீகளா?"

"கையைப் பாத்துச் சொல்லுதவுக உண்டு. நான் காலைப் பாத்துச் சொல்லுதேன். உக்காருங்க."

மாசானம் சிரித்துக்கொண்டே அமர்ந்தார். குதிகாலில் அரை விரல் ஆழத்துக்குக் காயம். செருப்பினுள் ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது; அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அம்மையார் தாமே அவரை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, "ரத்தத்துல சர்க்கரை ஏறிக் கிடக்கு. முதல்ல புண்ணு ஆறட்டும். ஆறினதும் இவர் தினமும் அரை மணி நேரம் வேகமா நடக்கணும். வெறுங்கால் மட்டும் கூடவே கூடாது. யார் சொல்லி யார் கேக்கா?" என்று சலித்துக்கொண்டார்.

"கேப்பாக. கூட ஒரு ஆளு நடந்தா கேப்பாக" என்றார் அம்மையார்.

மாசானத்தின் புண் ஆறியதும் நடை தொடங்கியது. காலைப் பூசை மணி அடித்ததும் மேலவாசலில் கூட வேண்டும். நான்கு ரதவீதியையும் இரண்டு முறை வலம் வர வேண்டும். முதல் நாள் மாசானம் ஒருவரே வந்தார். மறுநாள் தம் மனைவியையும் அழைத்து வந்தார். பலகையில் செருப்புகளைப் பார்த்துப் பார்த்து அம்மையார் ஆள் சேர்த்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு, உள்ளே கறை படிந்த செருப்பு, நடுவழியில் கழன்று விழுந்தும் உடையவருக்குத் தெரியாமல் போய், பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்த செருப்பு. ஒவ்வொன்றுக்கும் உரியவரிடம் பக்குவமாகப் பேசினார். ஆடி மாதத்தில் மூவர். கார்த்திகையில் நாற்பது பேர்!

அந்த நடையைக் காணக் கண் கோடி வேண்டும். கீழரதவீதியில் வெயில் ஏறும்போது நாற்பது பேரும் கை வீசி வருவார்கள். பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டுவார். காபிக்கடை வாசலில் நின்றவர்கள் தம்ளரோடு கூடவே பத்தடி வருவார்கள். அம்மையாரின் விதி ஒன்று உண்டு: 'சிவ சிவா' என்று சொல்ல மூச்சு இருக்க வேண்டும், வீட்டுக் கதை பேச மூச்சு இருக்கக் கூடாது. யாராவது மருமகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முன்னாலிருந்து குரல் வரும்: "கதை கேக்குது! வேகத்தைக் கூட்டுங்க! கை வீசுங்க!" தெரு முழுவதும் சிரிப்பு அலையடிக்கும். மூன்றே மாதத்தில் நர்ஸ், "மருந்தைக் குறைக்கலாம்னு டாக்டர் சொல்லுதார்" என்று சிலரிடம் சொல்லத் தொடங்கினார்.

எல்லோரையும் செருப்போடு நடக்க வைத்த அம்மையார், தாம் மட்டும் வெறுங்காலோடு முன்னே போனார். முள், கண்ணாடிச் சில்லு, ஆணி எது கிடந்தாலும் குனிந்து எடுத்து இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வார். பின்னால் வருபவர்களின் கால்களுக்கு எது தெரியாதோ அதைத் தம் காலால் அறிந்து சொல்வதற்காகவே அவர் முன்னே நடந்தார். பெருமைக்காக அல்ல.

ஆனால் கோயிலைச் செருப்புக் காலோடு வலம் வருவதா என்ற பேச்சு எழுந்தது. "செருப்புச் சாமியாரம்மா போறா பாரு" என்று சத்திரத்து முக்கில் கேலி செய்தார்கள். பங்குனி மாதம் திருவிழாக் கூட்டம் நடந்தபோது ஆறுமுகநயினார் எழுந்து நின்றார்.

"கோயிலைச் சுத்துனா வெறுங்காலுதான் முறை. கொடியேத்தத்துல இருந்து ஒருத்தனும் ரதவீதியில செருப்போட வலம் வரக் கூடாது. திருவிழா முடிஞ்சதும் மேலவாசலுக்கு வேற ஆளு போடணும். நான் வெறும் பேச்சுப் பேசலை. இருபத்தெட்டு வருசமா தேருக்கு முன்னால நடக்கேன். போன வருசம் புதுத் தாரு எப்படிக் கொதிச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும். என் காலுக்கு ஒரு சூடும் தெரியலை. பூ மேல நடந்தாப்ல இருந்துச்சு. அது யாரு செயல்? இலுப்பைவனநாதர் கிருபை!"

கூட்டத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மெய் சிலிர்த்துக் கண் கலங்கியவர்களும் உண்டு. தூண் ஓரமாக நின்ற அம்மையார் மட்டும் அவர் கால்களையே பார்த்தார். தம் கணவர் ஒரு கோடையில் இதே சொற்களைத் திண்ணமாகச் சொல்லிச் சிரித்ததை அவர் மறக்கவில்லை.

மறுநாள் காலை அம்மையார் குடும்பத்து வீட்டின் வாசற்படி ஏறினார். பலவேசம் இறந்த பின் அதுவே முதல் முறை.

"என் வேலையை யாருக்கு வேணும்னாலும் குடுங்க அத்தான். நடையையும் நிறுத்திக்கிடுதேன். நீங்க ஒரு தடவை ரத்தம் சோதிச்சுப் பாருங்க. தேருக்கு முன்னால வெறுங்காலோட நடக்காதீங்க."

"யாருகிட்ட பேசுதேன்னு தெரியுதா?"

"தெரியுது. அவுக அண்ணன்கிட்ட பேசுதேன்."

"நம்ம குடும்பத்துல ஒருத்தனுக்கும் சீக்கு கிடையாது."

"அவுகளுக்கு இருந்துச்சே அத்தான்."

அந்த வீட்டில் அவ்வுண்மையை யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறுமுகநயினார் வாசலைக் கைகாட்டினார். அம்மையார் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கொடியேறியது. நடைக்காரர்கள் நாற்பது பேரில் பாதிப் பேர் பயந்து நின்றுவிட்டார்கள். மீதிப் பேரை அம்மையார் ரயில் நிலையச் சாலையில் நடக்க வைத்தார். ஒன்பது நாளும் செருப்புகளைத் துடைத்து வைக்கும்போது அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே: "அவுக காலைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கலை. இந்தக் காலையாவது நீ பாத்துக்கோ."

பத்தாம் திருநாள் விடிந்தது. என்ன கூட்டம்! என்ன கொட்டு! ஐந்து வடத்திலும் வடமே தெரியாமல் ஆட்கள். ஒரு குரல் "ஹர ஹர" என்றதும் ஊரே திருப்பிச் சொல்ல, கீழரதவீதி நிலையிலிருந்து தேர் அசைந்து புறப்பட்டது. ஆறுமுகநயினார் பரிவட்டத்தோடு, நிமிர்ந்த நெஞ்சோடு முன்னே நடந்தார். தெற்கு ரதவீதி கடந்து, நடுப்பகல் வெயிலில் மேலரதவீதிக்குத் திரும்பியது தேர். மேலவாசலுக்கு எதிரே, தெருவை அடைத்து அரிசிமாவில் அம்மையார் போட்ட கோலம் வெள்ளை வெளேரென்று சுவாமியை எதிர்பார்த்துக் கிடந்தது.

அந்தக் கோலத்துக்கு முன்னால் தேர் நின்றது.

வடம் இழுத்தார்கள். அசையவில்லை. நெம்புகோல் போட்டார்கள். ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்து இழுத்தும் சக்கரம் ஒரு விரற்கடை நகரவில்லை. வெயிலில் தார் இளகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்வாரும் உண்டு. அதே தாரில்தான் தெற்கு ரதவீதி முழுவதும் தேர் ஓடி வந்தது.

ஆறுமுகநயினாருக்குப் பொறுக்கவில்லை. "இழுங்கலே! வலது வடம் தொய்யுது பாரு!" என்று கத்திக்கொண்டு கோலத்தின் மீது அங்கும் இங்கும் நடந்தார். நடந்த இடமெல்லாம் வெள்ளை மாவில் சிவப்பாக அடிச்சுவடு விழுந்தது. முதலில் பார்த்தவர் வடத்தை விட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவரும் விட்டார். கொட்டு நின்றது.

நயினாரும் குனிந்து பார்த்தார். "யாரு காலுலே அடிபட்டிருக்கு? கோலமெல்லாம் ரத்தம்! யாருன்னு பாத்து ஓரமா உக்கார வைங்கலே!"

வடத்தருகே நின்ற மாசானம் கிட்டே வந்தார்.

"அண்ணாச்சி... அது உங்க காலு."

நயினார் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் தோல் வாழைப்பட்டை போல் உரிந்து தொங்கியது. இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தேருக்கு முன் நிமிர்ந்து நடந்தவர், கோலத்தின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மையார் குடத்தோடு ஓடி வந்தார். ஊரார் செருப்பைத் தாங்கிய கைகளால் அந்தக் காலை மடியில் வைத்துக் குளிர்ந்த நீரை ஊற்றினார்.

"எனக்குத் தெரியலையே வடிவு" என்றார் நயினார்.

"அவுகளுக்கும் தெரியலை அத்தான்."

தேரின் மேலிருந்து சபாபதி குருக்கள் இறங்கி வந்தார். "நயினார், மண்டகப்படிக்காரர் முன்னே நடக்காமல் தேர் நகரக் கூடாதே. முறை என்னாவது? உங்கள் குடும்பத்தில் வேறு யார்..." என்று அவர் முடிப்பதற்குள் குடும்பத்து ஆண்கள் நான்கைந்து பேர் முண்டியடித்து முன்னே வந்தோம்.

நயினார் கையை உயர்த்தித் தடுத்தார். தம் தலையில் இருந்த பரிவட்டத்தைத் தாமே அவிழ்த்தார்.

"எங்க குடும்பத்து ஆளு இந்தா என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. தெருவுல முன்னால நடக்க அவளைவிடப் பழகினவ யாரு இருக்கா? இவளுக்குக் கட்டுங்க சாமி."

"பெண்பிள்ளைக்கா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். குருக்களும் தயங்கினார், திரும்பித் தேரை அண்ணாந்து பார்த்தார். அந்நேரம், காற்றே இல்லாத அந்த உச்சி வெயிலில், சுவாமியின் தோளில் கிடந்த விருட்சிப்பூ மாலை தானே நழுவித் தேர்த்தட்டின் விளிம்பில் ஒரு கணம் தொங்கி, கீழே நின்ற குருக்களின் ஏந்திய கைகளில் வந்து விழுந்தது!

"உத்தரவாயிடுத்து" என்றார் குருக்கள். அவருக்கும் கண்ணீர் வழிந்தது. மாலையை அம்மையார் கழுத்தில் இட்டார். பரிவட்டத்தைத் தலையில் கட்டினார்.

மாசானம் தோளோடு தாங்கி நயினாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகே அம்மையார் எழுந்து தேருக்கு முன்னே போய் நின்றார். சுவாமியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வடத்தைப் பிடித்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கதை பேசாதீங்க! கை சேரட்டும்! ஒண்ணா வாங்க!"

பயந்து நின்றுவிட்ட நடைக்காரர்கள் எல்லோரும் எங்கிருந்தோ ஓடி வந்து வடத்தில் கை வைத்தார்கள். "சிவ சிவா!" ஒரே இழுப்பு. தேர் குலுங்கி, மணியெல்லாம் ஒலிக்க, குழந்தை தவழ்வது போல் புறப்பட்டது. மேலரதவீதி பறந்தது. வடக்கு ரதவீதியில் மாடிகளிலிருந்து பூமழை.

வடக்கு ரதவீதி திருப்பத்தில் அம்மையார் சட்டென்று கையை உயர்த்தி நின்றார். வடம் நின்றது, தேர் நின்றது. பரிவட்டம் கட்டிய தலையோடு அவர் குனிந்து, தார்ச்சாலையில் கிடந்த ஒரு கண்ணாடி வளையல் துண்டை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகே நடந்தார். இலுப்பைவனநாதர் அந்த நேரம் வரை காத்திருந்து, பின் தொடர்ந்து எழுந்தருளினார்.

ஆறுமுகநயினார் கட்டைவிரல் ஒன்றை இழந்தார், கால் தப்பியது. ஆவணியில் ஒரு காலை, பூசை மணி அடித்தபோது, மெத்தென்ற செருப்பு அணிந்து மேலவாசலில் வந்து நின்றார். வரிசையின் கடைசியில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த சித்திரையில் பரிவட்டத்துக்கு அம்மையார் பெயரை எங்கள் குடும்பம் ஒருமனதாகச் சொன்னது. அதற்குப் பிறகும் அவர் செருப்புப் பலகையை விட்டு நீங்கவில்லை.

தம் கால் நோகப் பிறர் கால் காத்த செண்பகவடிவு அம்மையார் எங்கள் குடும்பத்தில் விளக்கேற்றினார் என்று சொல்லிக்கொள்வதே எங்களுக்கு மரியாதை. அவர் நடந்த தெருவின் மண்ணும் வணங்கத் தக்கது.