கிளிப்பச்சை லட்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று கடை வைக்கும் ஆசை வந்துவிட்டது. அரண்மனை வாசலிலேயே கடையைக் கட்டி, தம் விகடகவி செவ்வந்தியானை அதற்கு அதிகாரியாக்கினார்.

உக்கிராண அதிகாரி நாகலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. அரண்மனைச் சாமான்களையெல்லாம் காப்பவர் தாம் இருக்க, கடை ஒரு கோமாளிக்குப் போயிற்றே என்று புழுங்கினார். துணிக்குப் போடும் சாயத்தைக் கலந்து, கிளிப்பச்சையாக லட்டு பிடித்துக் கடைக்கு அனுப்பினார்.

செவ்வந்தியான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டிய பச்சை எவ்வளவு கழுவியும் போகவில்லை. இந்த நிறத்துக்குக் குழந்தைகள்தான் முதலில் ஓடிவரும் என்று நினைத்தபோது அவனுக்குப் பகீரென்றது. சபைக்குப் போய், பச்சை விரலைக் காட்டி, இந்த லட்டை விற்க மாட்டேன் என்றான். எதை வாங்குவதென்று மக்களுக்குத் தெரியாதா, தடுக்க இவன் யார் என்று நாகலிங்கம் முறையிட்டார்.

ராஜாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. “செவ்வந்தியானே, எந்தப் பண்டத்தையும் மறுக்காதே. மக்கள் கண்ணால் பார்த்துத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால், வாங்கித் தின்ற ஒருவருக்கு நோவு வந்தாலும் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது.”

“உத்தரவு மகாராஜா. கண்ணால் பார்க்கும்படியே செய்கிறேன்.”

கடை திறந்த அன்று ராஜாவும் வந்திருந்தார். பச்சை லட்டுத் தட்டைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். தட்டுக்குப் பின்னால் ஓர் ஆசனம் போட்டிருந்தது. செவ்வந்தியான் நாகலிங்கத்தைப் பணிவாக அழைத்து வந்து அதில் உட்காரவைத்தான்.

“ஐயா, யார் கேட்டாலும் முதலில் தாங்கள் ஒன்று சாப்பிட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர்கள் வாங்கட்டும். மகாராஜாவின் உத்தரவு.”

நாகலிங்கம் லட்டை வாய்வரை கொண்டுபோனார். மெல்லத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“நீங்களே திங்கலைன்னா எம்புள்ளைக்கு எப்பிடிங்க வாங்கிக் குடுக்கறது?” என்றாள் ஒருத்தி. கூட்டம் அடுத்த தட்டுக்கு நகர்ந்தது.

ராஜா விசாரித்ததும் நாகலிங்கம் தலைகுனிந்து சாயத்தைப் பற்றிச் சொன்னார். ராஜாவின் முகம் சிவந்தது. செவ்வந்தியான் குறுக்கே வந்தான்.

“மகாராஜா, இவர் வீட்டு எள்ளுருண்டைக்கு இந்த ஊரில் ஈடு கிடையாது. தண்டனையாக, அதைத் தினமும் கடைக்குச் செய்து தரச் சொல்லுங்கள். விற்கும்போது இதே ஆசனத்தில் உட்கார்ந்து அவரே தின்று காட்டட்டும்.”

“எள்ளுருண்டை என்றால் அந்த ஆசனத்தில் நான்தான் உட்காருவேன்” என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்காமலே தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியானின் கழுத்தில் போட்டார். நாகலிங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எள் வறுக்க வீட்டுக்கு நடந்தார்.