நாற்பது பட்டமும் ஒரு செருப்பு வாரும்

ராஜா காலத்தில் வெப்சைட் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேசும் கிளியையும் பறக்கும் கட்டிலையும் மட்டும் வாயை மூடிக்கொண்டு நம்பினீர்கள் இல்லையா? இதையும் நம்புங்கள்.

பாறைப்பட்டி ராஜ்யத்தை ஆண்டவர் திக்விஜய மகாராஜா. எந்தத் திக்கையும் ஜெயித்ததில்லை. பெயர் மட்டும் அப்படி. ஆனால் பட்டங்கள் நாற்பது. அந்த ஊரில் எதை எழுதினாலும் அந்த நாற்பதையும் மேலே எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். குதிரைக்குக் கொள்ளு கேட்கும் சீட்டானாலும் சரி. ஒன்று விட்டுப்போனாலும் தலை போகும்.

ஒருநாள் செருப்புக் கடைக்காரி தங்கபுஷ்பம் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, கடையை மூடிட்டு அக்கரை ராஜ்யத்துக்கே போறேன். உத்தரவு குடுங்க."

"ஏன்?"

"இப்பல்லாம் போன்ல தேடித்தான் கடைக்கு வர்றாங்க. தேடினா முதல்ல வர்றது அக்கரைக் கடை. என் வெப்சைட் ஏழாம் பக்கத்துல கிடக்கு. ஏழாம் பக்கத்துக்கு எவன் வருவான்? எனக்கே அங்க போற வழி தெரியலை."

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் குடிமகள் எதிரி ஊருக்குப் போவதா! மந்திரி கோமதிநாயகம்! ஒரு மாதத்தில் இவள் கடை முதலில் வர வேண்டும். இல்லாவிட்டால் உம் மீசை உம்முடையது இல்லை."

கோமதிநாயகத்தின் மீசை சாதாரண மீசை இல்லை. கட்டின பெண்டாட்டியைவிட அதோடுதான் அவர் அதிக நேரம் செலவழிப்பார். பதறிப்போய் வெப்சைட்டைத் திறந்தார். எழுதியது ஆஸ்தான வித்வான் சொல்மாரிப் புலவர். முதலில் நாற்பது பட்டம். அப்புறம் ராஜாவின் தாத்தா நடத்திய போர்கள். அப்புறம் 'மூவுலகும் மெச்சும் பாதரட்சைப் பேராலயம்'. கடை எங்கே இருக்கிறது என்பது கடைசி வரியில்.

"புலவரே, இதில் செருப்பு எங்கே?"

"சீச்சீ! மகாராஜா பெயர் இருக்கும் இடத்தில் அந்த வார்த்தையா? பாதரட்சை என்று போட்டிருக்கிறேனே."

"பாதரட்சை என்று யார் தேடுவார்?"

"படித்தவர்கள் தேடுவார்கள்."

"படித்தவர்கள் காலில் மட்டும்தான் முள் குத்துமா?"

"வேண்டுமானால் இன்னும் பத்துப் பட்டம் சேர்க்கிறேன். தானாக மேலே ஏறும்" என்றார் புலவர், மீசையையே பார்த்துச் சிரித்துக்கொண்டு.

பட்டத்தை எடுங்கள் என்று ராஜாவிடம் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் மீசை போகும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததுதான் மந்திரியின் கவலை.

மறுநாள் மலைக்கோவிலில் பூஜை. காலையில் ராஜாவின் செருப்பைத் தானே துடைத்து வைக்கிறேன் என்றார் கோமதிநாயகம். மந்திரி செருப்புத் துடைக்கிறாரே என்று யாரும் சந்தேகப்படவில்லை. மந்திரிகள் அதைத்தானே செய்கிறார்கள்?

பூஜை முடிந்து இறங்கியபோது உச்சி வெயில். அடிவாரப் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அங்கே, சரியாக அங்கே, ராஜாவின் வலது செருப்பு வார் பட்டென்று அறுந்தது.

"ஐயோ, சுடுதே!" ராஜா ஒற்றைக் காலில் நின்றார். யாரிடமாவது கடன் வாங்கலாம் என்றால், ராஜா முன்னால் வேறு யாரும் செருப்புப் போடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். மற்றவர்களுக்குச் சூடு பழகிவிட்டது.

"போனைக் கொடும் ஓய்!" மந்திரியிடமிருந்து பிடுங்கி, தானே தட்டினார்: 'செருப்பு அறுந்துபோச்சு பக்கத்தில் தைக்கிற கடை எங்கே'.

முதலில் வந்தது அக்கரைக் கடை. ஆற்றைத் தாண்டி இரண்டு மணி நேரப் பயணம்.

"அந்தத் தங்கபுஷ்பம் கடை எங்கேய்யா இருக்கு?"

"வெப்சைட்டில் முகவரி இருக்கிறது மகாராஜா. இதோ, திறந்துவிட்டேன்" என்று மந்திரி போனை வாங்கித் திறந்து நீட்டினார்.

ராஜா படித்தார். "ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட, சத்ருசம்ஹார... யாருய்யா இந்த ஆளு?"

"தாங்கள்தான் மகாராஜா."

"தெரியுது, தெரியுது. கடை எங்கே?"

"தங்கள் தாத்தாவின் மூன்றாவது போருக்கு அப்புறம். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுங்கள்."

புலவர் ஓடி வந்தார். "பதினேழாவது பட்டத்தில் ஒரு நயம் இருக்கிறது மகாராஜா..."

"அந்த நயத்தைக் கீழே விரி, நான் மேலே நிக்கிறேன்!" என்று புலவரின் பொன்னாடையை உருவிப் பாறையில் போட்டுக் காலை வைத்தார் ராஜா. அத்தனையும் சரிகை. பாறையைவிட அதிகமாகச் சுட்டது.

ஒருவழியாகக் கடைசி வரி வந்தது: 'மலையடிவாரம், புளியமரத்துக்கு எதிரே.' ராஜா நிமிர்ந்தார். சரியாக நாற்பது அடியில் புளியமரம். எதிரே ஒரு கடை. பலகையில் பட்டங்களை எழுதி முடித்ததில் கடைப் பெயருக்கு இடமில்லை. உள்ளே தங்கபுஷ்பம், அக்கரைக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் தைத்துக் கொடுத்ததும் ராஜா கத்தினார்: "அந்தப் பட்டத்தையெல்லாம் எடுத்துத் தொலையும்!"

"எடுத்தால் தலை போகும் என்று சட்டம்..."

"சட்டத்தையும் எடும்!"

"அப்புறம் என்ன எழுதுவது?"

"நான் என்ன தட்டினேனோ அதை எழுதும்!"

எழுதினார்கள். 'செருப்பு அறுந்துபோச்சா? மலையடிவாரம், புளியமரத்துக்கு எதிரே. நிற்கும்போதே தைத்துத் தருவோம்.' அடுத்த நிமிஷமே ஏறிவிடவில்லை, மந்திரமா என்ன? தேடினவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் நல்லதாக நாலு வரி எழுதிவிட்டுப் போனார்கள். ஏழாம் பக்கம் ஐந்தாகி, இரண்டாகி, மாதக் கடைசியில் முதல் பக்கத்தில் முதல் கடை. தங்கபுஷ்பம் மூட்டையைப் பிரித்தாள்.

சபையில் ராஜா கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி. என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லையா?"

"இல்லாமலா? வாடிக்கையாளர் கருத்தில் முதலாவதே தங்களைப் பற்றித்தான்." கோமதிநாயகம் வாசித்தார்: "'திக்விஜயன் என்று ஒருவர். ஒற்றைக் காலில் வந்தார். இரண்டு காலில் போனார்.'"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். போட்டவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"ஓய்! அது புதுச் செருப்பு. அதன் வார் எப்படி அந்த இடத்தில் சரியாக அறுந்தது?"

கோமதிநாயகம் மீசையை ஆசையாகத் தடவிக்கொண்டார்.

"அந்த விவரமும் இருக்கிறது மகாராஜா. ஏழாம் பக்கத்தில்."